கஞ்சிப் பானைக்கு முன்னால் வைத்த அட்டை

இதையெல்லாம் எழுத நான் யார் என்று எனக்கே தோன்றுகிறது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியது ஊருக்குப் போட்ட சில கடிதங்களும், இங்கே வேலை பார்க்கும் டேகேரில் பெற்றோருக்கு எழுதிக் கொடுக்கும் இரண்டு வரிக் குறிப்புகளும்தான். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கியது, என்ன சாப்பிட்டது, அவ்வளவுதான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறப்பதே எனக்குக் கஷ்டம். எங்கள் ஜமாஅத்தில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் உருதுவில் எழுதுவார்கள், இல்லாவிட்டால் இங்கிலீஷில். தமிழில் எழுத இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர யாரும் இல்லாததால் எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் அஹ்மதியா முஸ்லிம்கள். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்ற முஸ்லிம்கள் ஓதும் அதே குர்ஆன், அல்லாஹ் ஒருவனே என்று சொல்லும் அதே கலிமா, அதே ஐந்து வேளைத் தொழுகைதான் எங்களுக்கும். கடைசிக் காலத்தில் வருவார் என்று சொல்லப்பட்ட மஸீஹ் இனிமேல்தான் வரவேண்டும் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். எங்கள் ஜமாஅத்தைத் தொடங்கியவர்தான் அவர், அவர் வந்துவிட்டுப் போய்விட்டார் என்று நாங்கள் நம்புகிறோம். இதற்காக எங்களை முஸ்லிமே இல்லை என்கிறார்கள். அவர் பிறந்த ஊர்ப் பெயரை வைத்து 'காதியானி' என்று சொல்வார்கள். ஊரில் அந்தச் சொல்லை எச்சில் துப்புகிற மாதிரிச் சொல்வதைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு நியூஜெர்சியில் ஐசலினுக்குப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட். என் கணவர் மருந்துக் கம்பெனியின் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மகள் காலேஜில் படிக்கிறாள், சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வருவாள். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிவாசலுக்குப் போனால் அங்கே எல்லாரும் அன்பானவர்கள். ஆனால் பேச்செல்லாம் உருது, பஞ்சாபி. எனக்குப் பாதி புரியும். அவர்கள் ஒரு வேடிக்கை சொல்லிச் சிரித்து முடித்தபிறகு நான் சிரிப்பேன். அதனால்தான் எடிசன், ஐசலின் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் பெண்களின் வாட்ஸ்அப் குழு எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. கறிவேப்பிலை எந்தக் கடையில் புதிதாக வந்திருக்கிறது, யாருடைய மாமியார் விசாவில் வருகிறார், எந்த டாக்டர் நல்லவர் என்று நாள் முழுக்க ஓடும். நான் அதில் ஒன்றும் எழுதமாட்டேன். படிப்பேன். டேகேரில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் அதைப் படித்தால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசுகிற மாதிரி இருக்கும்.

ரமலானில் சனிக்கிழமைதோறும் அவர்கள் ஒரு தீயணைப்பு நிலையத்தின் மாடி ஹாலை வாடகைக்கு எடுத்து இஃப்தார் வைப்பார்கள். நான் சேர்ந்த முதல் வருஷம் யாரோ செய்த நோன்புக் கஞ்சி வெட்டி எடுக்கிற பதத்தில் வந்துவிட்டது. அடுத்த வாரம் யார் செய்கிறீர்கள் என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். எங்கள் ஊர்ப் பக்கம் செய்கிற மாதிரிதான் செய்தேன். நொய் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால், புதினா. அன்றுமுதல் கஞ்சி என் பொறுப்பாகிவிட்டது.

கஞ்சி காய்ச்சுகிறவள் பானையை விட்டு நகரக்கூடாது. சூடாகவும் இருக்க வேண்டும், அடியும் பிடிக்கக்கூடாது. அதனால் பேரீச்சம்பழம் சாப்பிட்டு எல்லாரும் அந்தி நேர மக்ரிப் தொழுகைக்கு வரிசையில் நிற்கும்போது நான் ஹாலை ஒட்டிய கிச்சனில் கரண்டியோடு நிற்பேன். அவர்கள் முடித்துக் கஞ்சி குடிக்க உட்கார்ந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் விரிப்பைப் போட்டுத் தனியாகத் தொழுதுகொள்வேன். எங்களை முஸ்லிம் இல்லை என்று சொல்கிற இமாமுக்குப் பின்னால் நாங்கள் தொழுவதில்லை. கூச்சப்படுகிறவள், வேலைக்காரி மாதிரி உழைக்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் எதையும் ஒளிக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் முதல் சனிக்கிழமை அது வெளியே வந்தது. அதுவும் கஞ்சியாலேயே வந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள அவளுடைய மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். கஞ்சியில் ஒரு வாய் குடித்தவர் கப்பைக் கையில் பிடித்தபடியே கிச்சனுக்குள் வந்துவிட்டார்.

"இது எங்க ஊருக் கஞ்சியில்லா? யாரு காய்ச்சுனது, நீயா?"

நான் ஆமாம் என்றேன். என் முகத்தையே பார்த்தார்.

"ஏளா, நீ சைக்கிள் கடைக்காரரு மவதான? மூக்கு அப்படியே உங்க வாப்பா மூக்கு."

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் வாப்பாவின் மூக்கைப் பற்றிப் பேச இந்த நாட்டில் ஒருவரும் இருந்ததில்லை. "ஆமா மாமி" என்றேன். அவர் என் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பெண்கள் உட்கார்ந்திருந்த மேஜைக்கு முன்னால் நிறுத்தி மருமகளிடம் பெருமையாகச் சொன்னார்.

"நம்ம ஊருப் பிள்ளம்மா இது. தைக்கா தெரு முக்குல அந்தக் காதியானி வீடு இருந்துச்சுல்லா, அந்த வீட்டுப் பிள்ள."

அவர் மனதில் கெட்டது எதுவும் கிடையாது. பச்சை கேட் வீடு, வேப்பமரத்து வீடு என்று சொல்கிற மாதிரி அடையாளம் சொன்னார். ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷத்தில் தெரு, வீடு, குடும்பம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவது எங்கள் பக்கத்தவர்களின் வழக்கம். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் பாதி குடித்த கப்பைக் கீழே வைத்து, அதன்மேல் ஒரு டிஷ்யூ பேப்பரைப் போட்டு மூடினாள். அப்போதுதான் மாமிக்கும் புரிந்தது. என் கையை விட்டுவிட்டார்.

எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று இங்கே சொல்ல வேண்டும். வாப்பா அஹ்மதியா ஜமாஅத்தில் சேர்ந்தபோது நான் சின்னப் பிள்ளை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் மைக்கில் எங்கள் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் கூடாது, ஸலாம் சொன்னால் பதில் சொல்லக் கூடாது என்று அறிவித்தார்கள். வாப்பாவின் சைக்கிள் கடையில் காற்றடிக்கக்கூட ஆள் வரவில்லை. டயரில் காற்றில்லாத சைக்கிளைக் கடைக்கு முன்னாலேயே உருட்டிக்கொண்டு போவார்கள், அடுத்த தெருக் கடைக்கு. முடி வெட்டுகிறவர் வாப்பாவுக்கு வெட்டமாட்டேன் என்றார். இந்தியாவில் சட்டம் எங்களை முஸ்லிம் என்றுதான் கணக்கில் வைத்திருக்கிறது. ஆனால் கல்யாணமும் சாவும் ஊர் ஜமாஅத்தின் கையில் இருக்கும்போது சட்டம் எங்கோ தூரத்தில் இருக்கும் பொருள்.

அந்த வாரம் குழுவில் வந்ததையெல்லாம் நான் படித்தேன். முன்பு படித்த அதே இடத்தில், குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். என்னை யாரும் பெயர் சொல்லித் திட்டவில்லை. எங்களைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு என்று யாரோ ஒரு நீண்ட ஃபத்வாவை அனுப்பினார்கள். அவர்கள் சமைத்ததைச் சாப்பிடலாமா என்று ஒருத்தி கேட்டாள். போன வருஷங்களில் அந்தக் கஞ்சியால் திறந்த நோன்பு கூடுமா, திரும்ப நோற்க வேண்டுமா என்று இன்னொருத்தி கேட்டாள். அதற்கு ஒருத்தி, "அவ கஞ்சி குடிச்சு ஏறின வெயிட்டையும் திருப்பிக் குடுக்கணுமாடி?" என்று எழுதிச் சிரிக்கிற முகங்களாகப் போட்டிருந்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

புதன்கிழமை லாத்தா போன் செய்தார். லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா. இஃப்தாரை நடத்துகிற திருச்சிக்காரரை நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். என் மகளுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் என்னோடு உட்கார்ந்திருந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் தமிழில் எனக்குச் சொன்னவர். அவர் எனக்கு எதிரி இல்லை.

"நான் உனக்காக எல்லார்கிட்டயும் ஃபைட் பண்ணிட்டிருக்கேன் மா" என்றார். "நீ ஒரே ஒரு லைன் குரூப்ல போட்டுடு. நான் காதியானி இல்ல, அவங்க மஸீஹ்னு சொல்ற ஆளு பொய்யர்னு. அவ்ளோதான். மேட்டர் க்ளோஸ். வீட்ல நீ என்ன நம்பறே, எங்க போய் தொழறேன்னு யாரு வந்து செக் பண்ணப்போறாங்க?"

அது முடியாவிட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது என்றார். சனிக்கிழமைக் கஞ்சியை அவர் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். தான் காய்ச்சியதாகச் சொல்லி அவர் ஹாலுக்குக் கொண்டுபோவார். நான் கொஞ்ச நாள் வராமல் இருக்க வேண்டும். ஈத் முடிந்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உண்மையாகவே யோசித்தேன். குழு இல்லாவிட்டால் எனக்குத் தமிழ் பேச வீட்டில் கணவர் மட்டும்தான். அவர் ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர். மகளிடம் போனில் சொன்னேன். அவளுக்கு நான் பேசுவது எல்லாம் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். "ஜஸ்ட் லீவ் தி குரூப், உம்மா" என்றாள். அவளுக்கு அது ஒரு பட்டன். எனக்கு அப்படி இல்லை.

எங்களுக்குக் கீழ் வீட்டில் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவள். வெள்ளிக்கிழமை அவள் காரில்தான் பள்ளிவாசலுக்குப் போவேன். அவள் நாட்டில் நாங்கள் முஸ்லிம் இல்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளிவாசலைப் பள்ளிவாசல் என்று சொன்னால் ஜெயில். தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னால் ஜெயில். அவளுடைய அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தபோது சுட்டுக் கொன்றார்கள். அவனை அடக்கிய கப்ரின் தலைமாட்டில் வைத்த கல்லில் கலிமா இருந்தது என்று சொல்லி, போலீஸே வந்து அதைச் செதுக்கி எடுத்தது. இதையெல்லாம் அவள் முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாள். வியாழக்கிழமை அவளிடம் என் பாதி உருதுவில் லாத்தா சொன்னதைச் சொன்னேன். அவள் பாஸ்போர்ட் எடுக்கப் போன கதையைச் சொன்னாள். முஸ்லிம் என்று பாஸ்போர்ட் வேண்டுமானால் எங்கள் ஸ்தாபகர் பொய்யர் என்று ஒரு வாசகத்தின் கீழ் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினாராம். போட்டுவிடுங்கள் சகோதரி, உங்களுக்கு என்ன போகிறது, வீட்டுக்குப் போய் நீங்கள் எதை வேண்டுமானாலும் நம்புங்கள் என்றாராம். அவள் போடவில்லை. முஸ்லிம் அல்லாதவள் என்று போட்ட பாஸ்போர்ட்டோடுதான் இந்த நாட்டுக்கு வந்தாள்.

எனக்கு அன்று வந்த கோபம் என் வாழ்க்கையில் வேறு எப்போதும் வந்ததில்லை. அங்கே ஓர் அரசாங்கம் துப்பாக்கியோடு நின்று கேட்டது. இங்கே எந்த அதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை. கிரீன் கார்டு வாங்கும்போதுகூட இந்தக் கேள்வி வரவில்லை. கேட்டது என் மொழி பேசுகிறவர்கள், நான் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தவர்கள். அதே வரியைத்தான் கேட்டார்கள். அதே மாதிரி அன்பாகக் கேட்டார்கள்.

லாத்தாவுக்கு நான் மெசேஜ் அனுப்பினேன். "சனிக்கிழமை கஞ்சியை நானே கொண்டுவருகிறேன்" என்று மட்டும். அவர் ஒரு கும்பிடு போட்டு அனுப்பினார். வேண்டாம் என்ற கும்பிடா, சரி என்ற கும்பிடா என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மகள் காரை ஓட்ட, பானையை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். ஹாலில் ஒவ்வொருவர் கொண்டுவந்த பதார்த்தத்துக்கு முன்னாலும் ஓர் அட்டை வைப்பது வழக்கம். பெயர், உள்ளே முந்திரி இருக்கிறதா, பால் இருக்கிறதா, காரமா என்று எழுதுவார்கள். அமெரிக்காவில் பழகிய பழக்கம். இத்தனை வருஷமும் 'நோன்புக் கஞ்சி' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அன்று மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

"நோன்புக் கஞ்சி. ஆட்டுக்கறி, தேங்காய்ப்பால் சேர்த்தது. சமைத்தவர் அஹ்மதியா முஸ்லிம்."

கிச்சனில் வைக்காமல் பானையை ஹாலில், சமோசா தட்டுக்கும் வடைத் தட்டுக்கும் நடுவில் வைத்து, அட்டையை முன்னால் நிறுத்தினேன். வாயால் சொல்லியிருந்தால் பாதியில் நின்றிருப்பேன். எழுத்து நிற்கவில்லை.

முதலில் பார்த்தவர் லாத்தாவின் கணவர். அவர் ஐ.டி.யில் பெரிய வேலையில் இருப்பவர், நல்ல மனிதர், சத்தம் போடமாட்டார். அட்டையைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர் இது? நட்ஸ் இருக்கா, டெய்ரி இருக்கான்னு எழுதற இடத்துல இதையா எழுதுவாங்க?"

"யாருக்கு அலர்ஜியோ அவங்க தெரிஞ்சுக்கட்டும்னுதான்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற என் மகள் தலையைக் குனிந்துகொண்டு தோளைக் குலுக்கினாள், சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைக்கப் போனார். நான் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றேன். அவர் திருப்பிக் கொடுத்தார். இருந்த இடத்திலேயே மறுபடி வைத்தேன்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தோம். எல்லாரும் வரிசையில் நிற்க எழுந்தார்கள். நான் கிச்சனுக்குப் போகவில்லை. ஹாலின் பின்சுவர் ஓரம், கோட்டுகள் மாட்டியிருந்த இடத்துக்கு முன்னால், எல்லாரும் பார்க்கும்படி என் விரிப்பைப் போட்டேன். லாத்தா வேகமாக வந்தார்.

"உள்ள போய்த் தொழும்மா. ப்ளீஸ். ஏன் இப்படிப் பண்றே?"

"உள்ள போய்த்தான் லாத்தா இத்தனை வருஷம் தொழுதேன்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் லாத்தா. நான் என்ன ஓதறேன்னு வேணும்னா கேக்கட்டும்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்காக நான் வருத்தப்பட்டேன், இன்னும் வருத்தப்படுகிறேன். ஆனால் விரிப்பை எடுக்கவில்லை. மகள் தன் ஸ்கார்ஃபைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. கீழே தீயணைப்பு வண்டியை யாரோ கிளப்பிப் பார்த்தார்கள். தரை அதிர்ந்தது. அந்த அதிர்விலேயே நாங்கள் இரண்டு பேரும் தொழுது முடித்தோம்.

கஞ்சியை அதிகம் பேர் தொடவில்லை. சிலர் அட்டையைப் படித்துவிட்டு ஊற்றிக்கொண்டார்கள், சிலர் படிக்காமலேயே ஊற்றிக்கொண்டார்கள். சிலர் படித்துவிட்டுக் கப்பைத் திருப்பி வைத்தார்கள். கேலி எழுதிய பெண் இரண்டு தடவை பானைப் பக்கம் வந்து இரண்டு தடவையும் வடையோடு திரும்பினாள். நான் பானைக்குப் பின்னால் நின்றேன். தலையைக் குனியவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். இவ்வளவு வருஷத்தில் அந்த ஹாலில் இருந்தவர்களின் முகங்களை நான் அன்றுதான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். எல்லாரும் நோன்பு நோற்றுக் களைத்துப்போன, சாதாரணமான முகங்கள்தான்.

கிளம்புகிற நேரத்தில் ஊர்க்கார மாமி வந்தார். அவர் கஞ்சி குடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மகன் வேண்டாம் என்று சொன்னதும் கையை எடுத்துக்கொண்டார். கோட்டைப் போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"உங்க வாப்பாவ எங்க அடக்குனீய? நம்ம மையவாடியில விடலன்னு மட்டும் கேள்விப்பட்டேன்."

"உம்மாவோட புஞ்சையில மாமி. மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல. மையவாடி வாசல்ல காலையில இருந்து சாயங்காலம் அஸர் வரைக்கும் மய்யித்த வச்சுட்டு நின்னோம். கேட்டத் தொறக்கல."

"எங்க வீட்டு மாடியில இருந்து பாத்தா அந்த வாசல் தெரியும்" என்றார். பிறகு, "நான் பாத்தேன்" என்றார்.

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். என் சுபாவத்துக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன், வேறு எந்த நாளாக இருந்தாலும். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அது வாப்பாவுக்கு நடந்தது. மாமி என் கன்னத்தைத் தொட வந்தவர் தொடாமல் போனார். மகன் கீழே காரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான்.

லாத்தா பேப்பர் தட்டுகளைக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பையின் மறுமுனையைப் பிடித்தேன். இருவருமாக எல்லா மேஜையையும் முடித்தோம். பையைக் கட்டும்போது அவர், "அந்த ஒரு லைன்..." என்று ஆரம்பித்தார்.

"போடமாட்டேன் லாத்தா" என்றேன். "என்னைக்கும்."

அவர் தலையாட்டினார். நான் அட்டையை எடுக்காமல் மேஜையிலேயே விட்டுவிட்டு, மகளோடு இறங்கினேன்.

மறுநாள் காலை என் எண் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. மதியம் கணவரோடு போய் மகளை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வந்து, திங்கட்கிழமைக்கான துணிகளை இஸ்திரி போட்டேன்.